அவுட்போர்டு என்ஜினின் டில்ட்-டிரிம் அமைப்பு: பழுதைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

படகின் பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டு என்ஜினை ஒரு பொத்தானை அழுத்தி ஏற்றவும் இறக்கவும் உதவுவது டில்ட்-டிரிம் அமைப்பு. பாக் நீரிணையைப் போன்ற ஆழங்குறைந்த கடலிலும், மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் முகத்துவாரங்களிலும் படகு ஓட்டுபவர்களுக்கு இதை வசதி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கரையை நெருங்கும் நேரத்தில் என்ஜின் மேலே ஏறாவிட்டால் புரொப்பல்லர் தரையில் மோதும். மேலே ஏறிய என்ஜின் கீழே இறங்காவிட்டால் படகைக் கிளப்பவே முடியாது. நம் கடற்கரையின் ஃபைபர் படகுகளில் உள்ள சிறிய என்ஜின்களில் பெரும்பாலானவை கையால் தூக்கப்படுபவை. அவற்றுக்கு இக்கட்டுரை பொருந்தாது. மின்மோட்டாரும் ஹைட்ராலிக் பம்பும் கொண்ட நடுத்தர, பெரிய என்ஜின்களைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த வேலையில் முதன்முறையாகக் கைவைப்பவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று உண்டு. கோளாறு மின்சாரப் பகுதியில் இருக்கிறதா, ஆயில் பகுதியில் இருக்கிறதா என்று முடிவாகத் தெரியும்வரை ஒரு நட்டைக்கூடக் கழற்றக் கூடாது. நல்ல நிலையில் இருந்த பம்பைப் பிரித்துப் பார்த்து, அதற்குள் மணலும் தண்ணீரும் புக வழிசெய்து, பிறகு உண்மையிலேயே புதிய பம்ப் வாங்கும் நிலைக்கு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். அங்கெல்லாம் முதலில் இருந்த பழுது ஒரு ரிலேயிலோ (பொத்தானின் கட்டளையை ஏற்று மின்மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்), பாசி பிடித்த ஒரு வயர் முனையிலோதான் இருந்தது.

அமைப்பு இயங்கும் விதம்

12 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு மின்மோட்டார், அதன் அடியில் ஒரு சிறிய கியர் பம்ப், பக்கத்தில் ஆயில் தொட்டி, அவற்றோடு சேர்ந்த உருளைகள் ஆகிய எல்லாம் என்ஜினைத் தாங்கும் இரு பிராக்கெட்டுகளின் நடுவே ஒரே தொகுதியாக அமர்ந்திருக்கும். மின்மோட்டார் ஒரு திசையில் சுழன்றால் ஆயில் பிஸ்டன்களின் அடிப்பக்கம் சென்று என்ஜினைத் தூக்கும். எதிர்த்திசையில் சுழன்றால் மேற்பக்கம் சென்று இறக்கும். நடுத்தர, பெரிய என்ஜின்கள் பலவற்றில் மூன்று உருளைகள் இருக்கும். இருபுறமும் உள்ள குட்டையான இரண்டும் டிரிம் உருளைகள். நடுவில் உள்ள நீளமானது டில்ட் உருளை. படகு ஓடும்போது என்ஜினின் சாய்வைச் சற்றே மாற்றுவதற்குரிய முதல் 20 டிகிரி அளவிலான ஏற்றத்தில் மூன்றும் சேர்ந்து உழைக்கும். அதற்கு மேல் டிரிம் தண்டுகள் நின்றுவிட, டில்ட் தண்டு மட்டும் என்ஜினைத் தண்ணீருக்கு வெளியே தூக்கும். அந்த இடத்திலிருந்து ஆயில் முழுவதும் ஒரே உருளைக்குள் செல்வதால் என்ஜின் ஏறும் வேகம் கூடும். புதியவர்கள் சிலர் இந்த வேக மாற்றத்தைப் பழுதென்று எண்ணிவிடுகிறார்கள். அமைப்பு நலமாக இருப்பதற்கு அது அடையாளம். சிறிய என்ஜின்களில் ஒற்றை உருளையே இரு வேலைகளையும் செய்யும். அவற்றில் இந்த வேக மாற்றம் இருக்காது.

டில்ட் பிஸ்டனுக்குள் அதிர்ச்சி தாங்கும் சிறு வால்வுகளும் உள்ளன. ஓடும் படகின் என்ஜின் நீருக்கடியில் பாறையிலோ மரத்திலோ மோதினால், ஆயில் அந்த வால்வுகளின் வழியே பிஸ்டனின் மறுபுறத்துக்குப் பாய்ந்து என்ஜினைச் சற்றே மேலெழ விடும். இவை இல்லையென்றால் அந்த மோதல் முழுவதையும் பின்பலகைதான் வாங்க வேண்டியிருக்கும்.

தொகுதியின் பக்கவாட்டில், பிராக்கெட்டில் உள்ள துளையின் வழியே திருப்புளி எட்டும்படி, பெரிய வெட்டுள்ள ஒரு திருகு இருக்கும். அதுதான் கைவிடுவிப்பு வால்வு. பேட்டரி தீர்ந்துபோன நேரத்தில் அதை இடப்புறமாகத் திருப்பினால் ஆயில் தடையின்றி ஓடும். என்ஜினைக் கையால் ஏற்றி இறக்கலாம். இந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் கடலுக்குப் போகக் கூடாது.

முதலில் பாதுகாப்பு

115 குதிரைத்திறன் அவுட்போர்டு ஒன்று 150 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அது மேலே நிற்பது ஆயிலின் அழுத்தத்தால் மட்டுமே என்றால், ஒரு சீல் விட்டுக்கொடுத்த நொடியில் அடியில் உள்ள கை நசுங்கிப்போகும். ஆகவே என்ஜினை முழுவதும் தூக்கியவுடன் பிராக்கெட்டில் உள்ள தாங்குநெம்பைப் பூட்டுங்கள். அத்துடன் நின்றுவிடாமல் தடிமனான மரக்கட்டையால் முட்டுக் கொடுங்கள், அல்லது என்ஜினின் தூக்குவளையத்தில் கயிறோ சங்கிலியோ கட்டி மேலே உள்ள உறுதியான சட்டத்தில் மாட்டுங்கள். தொகுதியையே கழற்றப் போகிறீர்கள் என்றால் செயின் பிளாக் கட்டாயம் வேண்டும்; தாங்குநெம்பை மட்டும் நம்பக் கூடாது. கைவிடுவிப்பு வால்வைத் திறக்கும்போது எவரும் என்ஜினின் பின்னாலோ அடியிலோ நிற்கக் கூடாது. வயர்களில் கைவைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். சோதனைக்காக மின்சாரம் தேவைப்படும் நேரத்தில் மட்டும் மாட்டிக்கொள்ளலாம்.

ஒலியைக் கேட்பது

படகு கரையில், டிரெய்லரிலோ தாங்கிகள் மீதோ உறுதியாக நிற்கட்டும். சுற்றிலும் அமைதியாக இருக்கும் நேரத்தில் ஏற்றும் பொத்தானை ஒருவர் அழுத்த, மற்றொருவர் என்ஜினருகே நின்று காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

எந்த ஒலியும் இல்லையென்றால் பொத்தான், ஃபியூஸ், பேட்டரி, ரிலேக்குச் செல்லும் வயர் ஆகியவற்றில் பழுது இருக்கும். 'டிக்' என்ற ஒலி மட்டும் கேட்டால் ரிலே கட்டளையைப் பெறுகிறது, ஆனால் மின்மோட்டாருக்குப் போதிய மின்சாரம் போகவில்லை, அல்லது மின்மோட்டார் உள்ளே இறுகிவிட்டது என்று பொருள். மின்மோட்டார் சுழலும் ஒலி கேட்டும் என்ஜின் அசையவில்லையென்றால் பழுது ஆயில் பகுதியில் இருக்கிறது. ஒலி வழக்கத்தைவிட மெல்லியதாக, சுமையே இல்லாததுபோல் கேட்டால் ஆயில் குறைந்திருக்கலாம், கைவிடுவிப்பு வால்வு திறந்திருக்கலாம், மின்மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் இணைப்புத் துண்டு உடைந்திருக்கலாம். முனகலுடன் திணறினால் பேட்டரி பலவீனமாக இருக்கிறது, அல்லது உருளையோ பிராக்கெட்டின் மூட்டோ துருவால் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ரிமோட் கைப்பிடியில் உள்ள பொத்தான், என்ஜினின் மேல்மூடிக்கு அருகில் உள்ள பொத்தான் இரண்டையும் தனித்தனியே அழுத்திப் பாருங்கள். ஒன்றில் வேலை செய்து மற்றொன்றில் செய்யவில்லையென்றால் பழுது அந்தப் பொத்தானிலோ அதன் வயரிலோதான். கைப்பிடிக்குள் செல்லும் வயர், கியர் போடும் ஒவ்வொரு முறையும் மடங்கி விரிவதால், நாளடைவில் உள்ளே அறுந்துபோவது வழக்கம்.

மின்சாரப் பகுதி

முதலில் மல்டிமீட்டரால் பேட்டரியை அளவிடுங்கள். முழுமையாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டும். இந்த எண் மட்டும் போதாது. பொத்தானை அழுத்திக்கொண்டே மீண்டும் பாருங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரியோ அதன் முனைகளோதான் காரணம். பேட்டரி முனையில் 12 வோல்ட் குறையாமல் நின்று, மின்மோட்டார் வயரில் மட்டும் 8 அல்லது 9 காட்டினால், இடையில் எங்கோ பச்சை படிந்த இணைப்பு ஒன்று மின்சாரத்தை விழுங்குகிறது. உப்புக்காற்றில் செம்புக் கம்பி வெளியுறைக்குள்ளேயே பச்சையாகிப் பொடியாகிவிடும். வெளியே பார்த்தால் வயர் புதிதுபோலவே இருக்கும். எர்த் வயரையும் மறக்காதீர்கள். என் அனுபவத்தில் பாதிப் பழுதுகள் பாசிட்டிவ் பக்கத்தைப் பலமுறை பார்த்துவிட்டு எர்த்தைப் பார்க்காமல் விட்டதால்தான் நீண்டுபோயின.

ஃபியூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள ஃபியூஸையே மாற்றுங்கள். அதுவும் எரிந்தால் வயரில் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அதற்காகப் பெரிய ஃபியூஸ் போடுவது படகைத் தீக்குக் கொடுப்பதாகும்.

ரிலேக்கள் இரண்டு இருக்கும். ஒன்று ஏற்றுவதற்கு, மற்றொன்று இறக்குவதற்கு. பெரும்பாலான மாடல்களில் இரண்டும் ஒரே வகை என்பதால் இடம் மாற்றிப் பொருத்திப் பார்க்கலாம். பழுதும் சேர்ந்து இடம் மாறினால் ரிலேதான் குற்றவாளி. இங்கே பலரும் தவறவிடும் நுட்பம் ஒன்றுண்டு. ஓய்வில் இருக்கும்போது இரு ரிலேக்களும் மின்மோட்டாரின் இரு வயர்களையும் எர்த்தோடு இணைத்து வைத்திருக்கும். ஏற்றும் பொத்தானை அழுத்தினால் ஏற்றும் ரிலே தன் வயரைப் பேட்டரியின் பாசிட்டிவோடு இணைக்கும். மின்சாரம் மின்மோட்டாரின் வழியே சென்று, ஓய்விலுள்ள இறக்கும் ரிலேயின் வழியாகத்தான் எர்த்துக்குத் திரும்பும். ஆகவே என்ஜின் ஏறாததற்கு இறக்கும் ரிலேயின் கருகிய தொடுமுனையும் காரணமாகலாம். ஏற்றும் ரிலேயை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டுவிட்டு, பழுது தீரவில்லையே என்று பம்பைக் குறைசொல்வது இதனால்தான் நேர்கிறது.

இனி, இந்த வேலை முழுவதிலும் மிகப் பயனுள்ள சோதனைக்கு வருவோம். மின்மோட்டாரிலிருந்து வரும் இரு தடித்த வயர்களை அவற்றின் இணைப்பில் கழற்றுங்கள். பெரும்பாலான தயாரிப்புகளில் ஒன்று நீலம், மற்றொன்று பச்சை. யமஹாவில் வான்நீலமும் இளம்பச்சையும் இருக்கும். தடித்த வயர் கொண்டு பேட்டரியின் பாசிட்டிவை நீலத்துக்கும் நெகட்டிவைப் பச்சைக்கும் சில நொடிகள் கொடுத்தால் என்ஜின் ஏற வேண்டும். மாற்றிக் கொடுத்தால் இறங்க வேண்டும். கடைசி இணைப்பைத் தொடும்போது தீப்பொறி பறக்கும் என்பதால், பெட்ரோல் தொட்டியையும் அதன் குழாயையும் அப்புறப்படுத்தி, மேல்மூடியைத் திறந்து காற்றோட்டம் விட்டபிறகே இதைச் செய்யுங்கள். பழைய சில என்ஜின்களில் மின்மோட்டாருக்கு மூன்று வயர்கள் உண்டு. அவற்றில் கறுப்பு எப்போதும் எர்த்தில் இருக்க, நீலத்துக்கோ பச்சைக்கோ பாசிட்டிவ் கொடுக்க வேண்டும்.

நேரடி மின்சாரத்தில் என்ஜின் ஒழுங்காக ஏறி இறங்கினால் ஆயில் பகுதியில் பழுதில்லை. பழுது வயரிலும் ரிலேயிலும் பொத்தானிலும் மட்டுமே. பம்பைத் தொட வேண்டாம். மின்மோட்டார் சுழலவே இல்லையென்றால் மின்மோட்டார் பழுது. சுழன்றும் என்ஜின் அசையவில்லையென்றால் அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள்.

ஆயில் பகுதி

பிரிக்கும் முன், கைவிடுவிப்பு வால்வு வலப்புறமாக முழுவதும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். எவரோ ஒருநாள் அவசரத்தில் திறந்துவிட்டுச் சரியாக மூடாமல் போயிருக்கலாம். நான் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு தொகுதியை முழுவதும் கழற்றிக் கீழே இறக்கிய பிறகுதான், இந்தத் திருகு அரைச் சுற்றுத் தளர்ந்திருந்ததைக் கண்டேன். அந்த இரண்டு நாள் உழைப்பும் படகின் உரிமையாளருக்கு இழப்பாகப் போனது இன்றும் எனக்கு வருத்தம்தான். வால்வை மூடும்போது இறுகும்வரை திருகினால் போதும். வலிந்து முறுக்கினால் அதன் இருக்கை சேதமடையும்.

அடுத்து ஆயில் அளவு. என்ஜினை முழுவதும் மேலே தூக்கி, தாங்குநெம்பைப் பூட்டி, முட்டுக் கொடுத்தபின்பே தொட்டியின் மூடியைத் திறக்க வேண்டும். என்ஜின் கீழே இருக்கும்போது திறந்தால் உள்ளழுத்தத்தால் ஆயில் முகத்தில் பீறிட்டு அடிக்கக்கூடும். மூடியைச் சுற்றியுள்ள உப்பையும் மண்ணையும் முதலில் துலக்கித் துடைத்துவிட்டு, மெதுவாகத் திருப்புங்கள். ஆயில் துளையின் கீழ்விளிம்புவரை நிற்க வேண்டும். யமஹா போன்ற பல என்ஜின்களுக்கு டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப். (தானியங்கி கியர்பெட்டிக்குரிய) ஆயில் பொருந்தும், சில தயாரிப்பாளர்கள் தங்களுக்கென்று தனி டிரிம் ஆயில் குறிப்பிடுவதால், உங்கள் என்ஜினின் கையேட்டைப் பார்த்த பிறகே வாங்குங்கள். பிரேக் ஆயிலை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அது ரப்பர் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

துளையிலிருந்து ஒரு துளி ஆயிலை வெள்ளைத் துணியில் எடுத்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் நல்லது. பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது; தொட்டி மூடியின் ஓ-ரிங்கோ (ரப்பர் வளையம்) தண்டுகளின் மேல்முனையில் உள்ள துடைப்பு சீலோ வழிவிட்டிருக்கிறது. நுரைத்திருந்தால் காற்று கலந்திருக்கிறது. அப்போது என்ஜின் நடுங்கி நடுங்கி ஏறும்.

ஆயில் குறைந்திருந்தால் அது எங்கே போனது என்று தேடாமல் நிரப்பிவிட்டுப் போகாதீர்கள். மூன்று தண்டுகளையும் உலர்ந்த துணியால் துடைத்து, நான்கைந்து முறை ஏற்றி இறக்கியபின், எந்தத் தண்டில் ஆயில் படலம் தெரிகிறதென்று பாருங்கள். அந்தத் தண்டின் பளபளப்பான மேற்பரப்பை நகத்தால் தடவிப் பாருங்கள். துருக்குழிகள் நகத்தில் தட்டுப்பட்டால் புதிய சீல் போட்டும் பயனில்லை. குழியின் விளிம்பு சில வாரங்களில் அதையும் கிழித்துவிடும். தண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

காற்றை வெளியேற்ற, மூடியைப் போட்டுவிட்டு என்ஜினை முழுவதும் ஏற்றி, முழுவதும் இறக்குங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே சில நொடிகள் நிறுத்துங்கள். நான்கைந்து சுற்றுகளுக்குப் பின் ஐந்து நிமிடம் விட்டுவிட்டு, மேலே பூட்டிய நிலையில் ஆயில் அளவைப் பார்த்து நிரப்புங்கள். அளவு குறையாமல் நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் மின்மோட்டார் சூடேறிக் கெடும்.

தானாக இறங்கும் என்ஜின்

ஏற்றிய என்ஜின் சில மணி நேரத்தில் தானாகக் கீழே வந்துவிடுவதுதான் பலரும் கொண்டுவரும் குறை. வெளியே ஆயில் கசிவு இல்லையென்றால் கசிவு உள்ளேயே நடக்கிறது. மலிவானதிலிருந்து தொடங்குங்கள். என்ஜினை முட்டுக் கொடுத்து நிறுத்தி, கைவிடுவிப்பு வால்வின் சர்க்லிப்பை (அதைப் பிடித்திருக்கும் வளையக் கிளிப்) எடுத்து, வால்வை வெளியே உருவி, அதன் ஓ-ரிங்குகளைப் பாருங்கள். தட்டையாகவோ கிழிந்தோ இருந்தால் மாற்றுங்கள். புதியவற்றில் அதே ஆயிலைத் தடவிப் பொருத்துங்கள். வால்வின் கூர்முனையில் சிறு கீறல் இருந்தாலும் வால்வையே மாற்றுவது நல்லது. என்னிடம் வந்த இத்தகைய குறைகளில் பெரும்பகுதி இந்த இடத்திலேயே தீர்ந்திருக்கிறது.

அதன்பின்னும் இறங்கினால் ஆயிலை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும், பம்பில் உள்ள தடைவால்வுகளில் தூசி சிக்கியிருக்கலாம், அல்லது டில்ட் பிஸ்டனின் சீல்களோ அதிர்ச்சி வால்வுகளோ தேய்ந்திருக்கலாம். ரிவர்ஸ் போட்டு வேகம் கொடுக்கும்போது என்ஜின் தானாக மேலெழுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பழுதுதான்.

பிரிப்பதும் பொருத்துவதும்

மின்மோட்டாரை மட்டும் மாற்றுவது புதியவர் துணிந்து செய்யக்கூடிய வேலை. அது தொகுதியின் மேல் சில திருகுகளால் நிறுத்தப்பட்டிருக்கும். கழற்றும் முன் சுற்றுப்புறம் முழுவதையும் பிரஷால் தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள். மின்மோட்டாரைத் தூக்கும் நொடியில் ஒரு மணல்துகள் உள்ளே விழுந்தாலும் அது நேராகப் பம்புக்குத்தான் போகும். எஃகு உறையின் பெயின்ட் உப்பிப் பெயர்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம். கார்பன் பிரஷ் தேய்ந்தது மட்டுமே குறையென்றால் பிரஷை மாற்றலாம். உள்ளே துரு பரவியிருந்தால் புதிய மின்மோட்டார் வாங்குவதே சரி. திரும்பப் பொருத்தும்போது பழைய ஓ-ரிங்கைப் பயன்படுத்தாதீர்கள். இணைப்புத் துண்டின் நாக்கு பம்பின் பள்ளத்தில் சரியாக அமர்ந்ததைக் கையால் சற்றே திருப்பி உணர்ந்தபின் திருகுகளைச் சீராக, மாற்றி மாற்றி இறுக்குங்கள். சில மாடல்களில் தொகுதியைக் கீழே இறக்காமல் மின்மோட்டாரை எடுக்க இடம் இருக்காது.

உருளைகளின் மூடிகளைத் திறப்பது வேறு வேலை. முள் வைத்த தனி ஸ்பேனர் அதற்கு வேண்டும். உப்பில் இறுகிய அலுமினிய மூடியை உளியாலும் சுத்தியாலும் தட்டித் திருப்ப முயன்றால் முள்துளைகள் சிதைந்து, உருளையே வீணாகும். துரு நீக்கும் ஆயிலை ஓரிரவு ஊறவிட்டு, வெப்பக்காற்றால் சூடேற்றி, மெல்லத் தட்டியபின் ஸ்பேனரை வைத்துப் பாருங்கள். அதற்கும் அசையவில்லையென்றால், இதில் கைதேர்ந்த ஒருவரிடம் ஒப்படைப்பதே உங்கள் பணத்தைக் காக்கும். தொகுதியைப் பிடித்திருக்கும் பெரிய ஊசித்தண்டுகளுக்கும் இதுவே பொருந்தும்.

பராமரிப்பு

பிராக்கெட்டின் அடியில் உள்ள துத்தநாக அல்லது அலுமினியக் கட்டி, மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் கரைந்து டிரிம் தொகுதியைக் காக்கிறது. அதன் மேல் பெயின்ட் அடித்தால் அந்தக் காப்பு நின்றுவிடும். பாதியளவு கரைந்ததும் மாற்றிவிடுங்கள். கடலிலிருந்து வந்ததும் தண்டுகளையும் அவற்றின் மேல்முனைகளையும் நன்னீரால் கழுவுங்கள். படகு கரையில் ஓய்வெடுக்கும் காலத்தில் என்ஜினைக் கீழே இறக்கியே வையுங்கள். தண்டுகள் உருளைக்குள் ஆயிலில் நனைந்திருப்பதால் துரு ஏறாது. படகு தண்ணீரிலேயே கட்டிக்கிடந்தால், சிப்பியும் அரிப்பும் அண்டாதபடி என்ஜினைத் தூக்கித் தாங்குநெம்பில் நிறுத்துங்கள். அப்போது வெளியே நீண்டிருக்கும் தண்டுகளைக் கழுவுவதும் துடைப்பதும் கூடுதல் கடமையாகிறது.

வேலை முடிந்ததும் என்ஜினைப் பாதி உயரத்தில் நிறுத்தி, தாங்குநெம்பைப் பூட்டாமல், அடியில் எவரும் செல்லாதபடி தடுப்பு வைத்து, பிராக்கெட்டில் அது நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். மறுநாள் காலையில் என்ஜின் அதே கோட்டில் நின்றால் படகைத் தண்ணீரில் இறக்கலாம். இறக்கியபின் ஆழமான இடத்தில் ரிவர்ஸ் போட்டு, சிறிது சிறிதாக வேகம் கூட்டி, என்ஜின் மேலெழாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டு படகை உரிமையாளரிடம் ஒப்படையுங்கள்.